தாவர எண்ணெயும் டீசல் எஞ்சினும்

மின்சாரம் எட்டாத வயலில் நீரிறைக்கும் யந்திரமும், கடலிற் செல்லும் மீன்படகும், நெல்மூட்டைகளைச் சுமந்து நெடுந்தூரம் ஓடும் லாரியும், மின்னொளி அற்றுப்போன இரவில் மருத்துவமனை விளக்குகளைக் காக்கும் ஜெனரேட்டரும் பெரும்பாலும் ஒரே வகை எஞ்சினாலேயே இயங்குகின்றன. அதனைக் கண்டவர் பெயராலேயே அது டீசல் எஞ்சின் என வழங்கப்படுகின்றது. அதற்கு வேண்டிய எண்ணெயோ, நிலத்தினடியினின்றும் எடுக்கப்படும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பெறப்படுவது. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் பிற நாடுகளிடமிருந்தே விலைகொடுத்து வாங்குகின்றது. ஆகலின், நம் மண்ணில் விளையும் வித்துக்களின் எண்ணெயைக் கொண்டு இவ்வெஞ்சினை ஓட்டலாகாதோ என்னும் கேள்வி இயல்பாகவே எழுகின்றது.

ஓட்டலாம் என்பதே விடை. ஆயினும், எண்ணெயை எவ்வாறு பதப்படுத்தல் வேண்டும், டீசலுடன் எவ்வளவு கலத்தல் வேண்டும், அவ்வெண்ணெயை எந்நிலத்தில் விளைவித்தல் வேண்டும் என்னும் மூன்றும் ஆராயப்படாவிடின் அவ்விடை அரைவிடையாகவே நிற்கும். இம்மூன்றையும் முறையே நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

எஞ்சினின் தோற்றமும் இயல்பும்

ருடால்ப் டீசல் என்பார் 1858-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோர்க்குப் பிறந்தவர். நீராவி யந்திரங்கள் தாம் எரிக்கும் நிலக்கரியின் சக்தியிற் பெரும்பகுதியை வீணாக்குதல் கண்டு அக்குறையை நீக்கக் கருதிய அவர், 1892-ஆம் ஆண்டில் தம் எஞ்சினுக்குரிய உரிமைப் பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார். ஜெர்மனியிலுள்ள அவுக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் ஆண்டுகள் சில உழைத்தபின், 1897-ஆம் ஆண்டில் அவர்தம் எஞ்சின் செவ்வனே இயங்கிற்று. எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கு அதில் வேலையாக மாறிற்று. அக்காலத்து நீராவி யந்திரங்களிற் பெரும்பாலானவை அதிற் பாதியையும் எட்டவில்லை.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்தபின் மின்பொறியால் தீ மூட்டப்படுகின்றது. டீசல் எஞ்சினில் மின்பொறிக்கு வேலையில்லை. உருளையினுள் முதலிற் காற்று மட்டுமே புகுகின்றது. மேலெழும் பிஸ்டன் அக்காற்றை அதன் பருமனில் 15-இல் ஒரு பங்கு முதல் 20-இல் ஒரு பங்கு வரை சுருக்குகின்றது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு சூடேறுதலை யாவரும் அறிவர். அச்சூடே பன்மடங்கு பெருகி, உருளையினுள் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்கின்றது. அத்தருணத்தில் எண்ணெய் நுண்துளைகளின் வழியே மிக்க அழுத்தத்தோடு மூடுபனிபோலத் தூவப்பட்டுத் தானே பற்றி எரிகின்றது.

எனவே, இவ்வெஞ்சின் தன் எரிபொருளிடம் முதன்மையாக வேண்டுவன இரண்டு. ஒன்று, அது நுண்திவலைகளாகச் சிதறுதல் வேண்டும். மற்றொன்று, வெங்காற்றிற் பட்டவுடன் காலந்தாழ்த்தாது பற்றுதல் வேண்டும். இவ்விரண்டையும் நினைவிற்கொண்டால் இனி வருவன யாவும் எளிதில் விளங்கும்.

நிலக்கடலை எண்ணெயால் ஓடிய எஞ்சின்

தாவர எண்ணெயால் டீசல் எஞ்சினை ஓட்டுதல் இக்காலத்துப் புதுமை அன்று. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஓட்டோ கம்பெனியார் சிறிய டீசல் எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக்காட்டினர். ஆப்பிரிக்காவிலிருந்த தம் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மிகுதியாய் விளைந்தமையின், பிரெஞ்சு அரசாங்கத்தார் இச்சோதனையில் விருப்பங் காட்டினர். பெட்ரோலிய எண்ணெய்க்கென அமைந்த அவ்வெஞ்சின், மாற்றம் ஏதுமின்றியே இயங்கியதாகவும், வேறுபாட்டை உணர்ந்தவர் மிகச் சிலரே என்றும் டீசலே 1912-ஆம் ஆண்டில் எடுத்துரைத்துள்ளார். தாவர எண்ணெய்கள் அன்று சிறிதாகத் தோன்றினும், காலப்போக்கில் பெட்ரோலியத்திற்கு ஒப்பான சிறப்பை அடையக்கூடும் என்னும் கருத்தையும் அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே அவர் கப்பற் பயணம் ஒன்றில் மறைந்துபோனார்.

ஈண்டு ஒரு திருத்தங் கூறுதல் தகும். ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் உலக உயிரெரிபொருள் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1893-ஆம் ஆண்டில் அந்நாளில் டீசலின் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயால் ஓடிற்று என்பது அதற்குக் காரணமாகப் பலராற் சொல்லப்படுகின்றது. அந்நாளில் அவுக்ஸ்பர்க் நகரில் அவரது சோதனை எஞ்சின் முதன்முறை தீப்பற்றியது மெய்யே. ஆயின், அப்போது இடப்பட்ட எரிபொருள் நிலக்கடலை எண்ணெய் அன்று, பெட்ரோலே. நிலக்கடலை எண்ணெயின் வரலாறு 1900-ஆம் ஆண்டுக்கே உரியது. நற்பொருளைப் பற்றிய செய்தியாயினும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

எண்ணெயை அவ்வண்ணமே ஊற்றின் வருங் கேடு

பாரிஸில் ஓடிற்றெனின், இன்றும் செக்கெண்ணெயை நேரே தொட்டியில் ஊற்றலாமே எனின், சில நாழிகை ஓடுதல் வேறு, பல்லாயிர மணி நேரம் பழுதின்றி ஓடுதல் வேறு. தாவர எண்ணெயின் பெருங்குறை அதன் பாகுத்தன்மையாகும். 40 டிகிரி உஷ்ணநிலையில் டீசலின் பாகுத்தன்மை ஏறத்தாழ 2 முதல் 4.5 வரையிலான அளவினது எனக்கொண்டால், அதே அளவையில் நிலக்கடலை முதலிய எண்ணெய்களினுடையது 30 முதல் 40 வரை இருக்கும். அஃதாவது, ஏறத்தாழப் பத்து மடங்காகும்.

பாகு மிக்க எண்ணெய் நுண்திவலையாகச் சிதறுவதில்லை, பருந்துளிகளாக விழுகின்றது. பருந்துளியின் புறம் எரியும்போதே அகம் கருகுகின்றது. இதனால் தூவுகுழலின் வாயிற் கரி படிகின்றது. பிஸ்டனின் வளையங்கள் ஒட்டிக்கொள்கின்றன. எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயுடன் கலந்து அதனைக் கூழாக்குகின்றது. பழைய, மெதுவாகச் சுழலும் எஞ்சின்கள் இத்துன்பத்தை ஒருவாறு பொறுக்கும். நுண்ணிய துளைகளையும் மிகுந்த அழுத்தத்தையும் உடைய புதிய எஞ்சின்கள் பொறுக்கமாட்டா.

ஆயினும், நேரெண்ணெயை முற்றும் தள்ளிவிடலாகாது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த உடுப்பி ஸ்ரீநிவாசர், 1990-களின் இறுதியிலும் அதன் பின்னரும், புங்கெண்ணெயைக் கொண்டு கர்நாடகக் கிராமங்களில் டீசல் எஞ்சின்களை இயக்கி, நீரும் ஒளியும் பெறும் முயற்சியை முன்னின்று நடத்தினார். ஓரிடத்தில் நின்று ஓடும் எஞ்சின், அருகிலேயே விளையும் வித்து, கருத்தோடு பேணுவோர் ஆகிய மூன்றும் கூடியவிடத்து அம்முறைக்கும் இடமுண்டு.

எண்ணெய் எஸ்டராகும் வகை

இப்பாகுத்தன்மையை நீக்குவதற்கு வழிகாட்டியது இரசாயனமாகும். பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த சவான் என்பார், 1937-ஆம் ஆண்டில் தாவர எண்ணெயைச் சாராயத்தோடு வினைப்படுத்தி எரிபொருளாக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அடுத்த ஆண்டில், பனையினத்தைச் சேர்ந்த பாமாயிலினின்றும் அம்முறையால் ஆக்கப்பட்ட எரிபொருளைக் கொண்டு, பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேன் நகருக்குமிடையே பஸ் ஒன்று ஓடிற்று. இன்று நாம் பயோடீசல் என்று கூறும் பொருளின் முதல் வரலாறு இதுவே.

எண்ணெயின் மூலக்கூறு ஒன்றை, ஒரு சீப்புத் தண்டில் மூன்று நெடிய பற்கள் நிற்பதுபோல எண்ணிக்கொள்க. தண்டு கிளிசரின்; பற்கள் கொழுப்பு அமிலங்கள். மூன்று பற்களும் ஒன்றாய்ப் பிணிக்கப்பட்டிருத்தலே எண்ணெய் கொழுமையாய் ஓடுதற்குக் காரணம். மெதனால் என்னும் சாராயத்தைச் சேர்த்து, காஸ்டிக் சோடா போன்ற காரத்தைக் கிரியா ஊக்கியாக இட்டு, 60 டிகிரியளவிற் சூடாக்கிக் கலக்கினால், பற்கள் மூன்றும் தண்டினின்றும் பிரிந்து, ஒவ்வொன்றும் மெதனாலோடு கூடித் தனித்தனி எஸ்டராகின்றது. கனமான கிளிசரின் அடியில் தங்க, எஸ்டர் மேலே மிதக்கின்றது. அதனைப் பிரித்து, நீராற் கழுவி, ஈரமற உலர்த்தினால் அதுவே பயோடீசல். அதன் பாகுத்தன்மை ஏறத்தாழ 4 அல்லது 5 ஆகும். பத்து மடங்கு வேறுபாடு மறைந்து, டீசலோடு இணங்குமளவுக்கு அது வந்துவிடுகின்றது.

நிறைக்கணக்கும் மனத்திற் பதியத்தக்கதே. 100 கிலோ எண்ணெயோடு ஏறத்தாழ 11 கிலோ மெதனால் சேர்ந்து, ஏறத்தாழ 100 கிலோ எஸ்டரும் 10 கிலோ கிளிசரினும் உண்டாகின்றன. வினை நிறைவுறும்பொருட்டு மெதனாலை இருமடங்காக இட்டு, எஞ்சியதை மீட்டுக்கொள்வர். கிளிசரின் சவர்க்காரத்திற்கும் மருந்துகளுக்கும் பயன்படும். மெதனால் கொடிய நஞ்சு என்பதையும், எளிதில் தீப்பற்றுவது என்பதையும் இங்கே மறவாதிருத்தல் வேண்டும். ஆசிரியர் துணையும் நல்ல காற்றோட்டமும் இன்றி இதனை எவரும் செய்து பார்த்தல் ஆகாது.

புங்கு, காட்டாமணக்கு முதலியவற்றின் எண்ணெயிலும், பலமுறை காய்ந்த எண்ணெயிலும் பிணைப்பின்றித் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலம் மிகுந்திருக்கும். இவ்வமிலம் காரத்தோடு கூடிச் சவர்க்காரமாகிவிடும். அதனால் எஸ்டரும் கிளிசரினும் பிரியாது குழம்பும். ஆகவே, முதலில் பினாப்தலீன் துளிகளை விட்டுக் காரத்தால் அளந்து அமிலத்தின் அளவை அறிதல் வேண்டும். அது நூற்றுக்கு 2 பங்கை மிஞ்சினால், முன்னதாகக் கந்தகாமிலத்தின் துணையால் அவ்வமிலத்தையும் எஸ்டராக்கிக்கொண்டு, பின்னரே காரமுறையைத் தொடங்குவர். அளந்தறியாது தொடங்குவோர்க்கு எரிபொருள் கிடைப்பதில்லை. சோப்பு நுரையே கிடைக்கும்.

கலவையின் குணமுங் குற்றமும்

பயோடீசல் தனித்தும் எரியும்; ஆயினும் டீசலுடன் கலந்தே பெரும்பாலும் வழங்குகின்றது. நூற்றில் 5 பங்கு கலந்ததைப் பி 5 என்றும், 20 பங்கு கலந்ததைப் பி 20 என்றும் கூறுவர்.

கலவையின் நன்மைகள் சில. பயோடீசலின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பங்கு பிராணவாயு அடங்கியுள்ளமையின் எரிதல் நிறைவாகின்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு நிறுவனத்தார் 2002-ஆம் ஆண்டில் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சோயா எண்ணெயிலிருந்து ஆக்கிய பி 20 கலவையால் புகைத்துகள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கும், கார்பன் மோனாக்ஸைடு 11 பங்கும், எரியாத ஹைட்ரோகார்பன்கள் 21 பங்கும் குறைந்தமை கண்டனர். இரண்டாவதாக, இதில் கந்தகம் இல்லையென்னுமளவிற்கே உளது. மூன்றாவதாக, இது உராய்வைத் தணிக்கும். கந்தகத்தை நீக்குங்கால் டீசலின் மசகுத்தன்மையும் குன்றுகின்றது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பயோடீசல் சேர்த்த மாத்திரத்தில் அக்குறை தீர்கின்றது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாட்டில் மிகக் குறைந்த கந்தகமுடைய டீசலே விற்கப்படுதலின், இந்நன்மை சிறிதன்று.

குறைகளையும் மறைத்தல் தகாது. மேற்கூறிய ஆராய்ச்சியிலேயே நைட்ரஜன் ஆக்ஸைடுகள் நூற்றுக்கு 2 பங்கு மிகுந்தன. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடின், பயோடீசலின் சக்தி டீசலினும் நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது பங்கு குறைவு. பி 20 கலவையில் இக்குறைவு இரண்டு பங்குக்குட்பட்டதே. பயோடீசல் பழைய தொட்டிகளிற் படிந்துள்ள கசட்டைக் கரைத்தெடுத்து வருதலால், முதன்முதல் வழங்கும்போது வடிகட்டி அடைபடும். அதனை விரைவில் மாற்றல் வேண்டும். இயற்கை ரப்பராலாகிய குழாய்களும் வளையங்களும் செறிந்த கலவையில் ஊறி மெலியும். காற்றுப் பட்டால் எஸ்டர் மெல்ல மெல்லச் சிதைந்து புளிக்கும், ஈரத்தை ஈர்க்கும். ஆகலின் ஆறு திங்களுக்கு மேல் தேக்கி வைத்தல் நன்றன்று. பாமாயிலிலிருந்து ஆக்கியது 15 டிகிரி அளவிலேயே கலங்கத் தொடங்குதலால், மதுரையில் தடையின்றி ஓடும் வண்டி உதகையின் பனிக்காலையில் தயங்கக்கூடும்.

இக்குணங் குற்றங்களைச் சீர்தூக்கியே ஐரோப்பிய நாடுகளில் பொது டீசலில் நூற்றுக்கு 7 பங்கு வரை கலக்க இடந்தந்துள்ளனர். இந்தோனேசியா தன் பாமாயிலைக் கொண்டு 2020-ஆம் ஆண்டில் 30 பங்கு கலந்தது. பின்னர் அதனையும் உயர்த்தியது. நம் நாட்டிலோ 2002-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் டெல்லியிலிருந்து அமிர்தசரஸ் சென்ற சதாப்தி விரைவு ரயில், நூற்றுக்கு 5 பங்கு கலந்த எரிபொருளால் சோதனை முறையில் ஓட்டப்பட்டது. எஞ்சின் இடையூறின்றி ஓடிற்று. ஆகவே, சிறிய அளவுக் கலவையைப் பொறுத்தவரையில் எஞ்சினிடம் தடையில்லை என்பது தெளிவு. எனின், தடை எங்கே உளது?

நிலத்தின் கணக்கு

அத்தடை நிலத்திலே உளது. 2003-ஆம் ஆண்டில் இந்தியத் திட்டக் குழுவினர் அமைத்த குழு, காட்டாமணக்கைப் பெருவாரியாகப் பயிரிட்டு, 2011-12-ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு 20 பங்கு கலக்கலாம் என்றது. காட்டாமணக்கு ஆடு மாடு தீண்டாதது, வறட்சியைத் தாங்குவது, தரிசு நிலத்திலும் வளர்வது, வித்தில் மூன்றில் ஒரு பங்களவு எண்ணெயுடையது. இவற்றை நம்பி உழவர் பலர் நட்டனர்; ஆப்பிரிக்க நாடுகளிலும் அவ்வாறே நட்டனர். ஆண்டுகள் சென்றன, எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. பலர் செடிகளைப் பிடுங்கி எறிந்தனர். 2020-ஆம் ஆண்டு வரையிலும் நாட்டின் டீசலிற் கலந்த பயோடீசல் நூற்றுக்கு ஒரு பங்கைத்தானும் எட்டவில்லை.

இத்தோல்வியின் காரணம் நுண்ணியது, கற்போர் கருதத்தக்கது. தரிசில் உயிர்வாழ்தல் வேறு. தரிசிற் காய்த்தல் வேறு. நீரின்றி இச்செடி சாகாதிருந்தது மெய். ஆனால், நீரும் எருவும் இன்றி அது நிறையக் காய்க்கவில்லை. நீரும் எருவும் உள்ள நிலத்திலோ உழவர்க்கு வேறு நற்பயிர் உண்டு. அன்றியும், நெல்லும் கடலையும் போல நெடுங்காலம் தேர்ந்தெடுத்துப் பண்படுத்தப்பட்ட பயிர் அன்று இது. காய்கள் ஒருங்கே முதிராமையின் பலமுறை பறித்தல் வேண்டும், கூலியும் மிகும். எண்ணெயின் அளவைக் கணக்கிட்டோர், உழவரின் வரவு செலவை அந்த அளவுக்குக் கணக்கிடவில்லை.

இனி எளிய கணக்கு ஒன்று செய்வோம். 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா செலவிட்ட டீசல் ஏறத்தாழ 9 கோடி டன். அதில் நூற்றுக்கு 5 பங்கு 45 லட்சம் டன். ஒரு ஹெக்டேரில் ஒரு டன் எண்ணெய் கிடைப்பதாகத் தாராளமாகவே கொண்டால், 45 லட்சம் ஹெக்டேர் வேண்டும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு, மலையும் காடும் ஊரும் உட்பட, 130 லட்சம் ஹெக்டேர். அதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலான நிலம் இந்த 5 பங்கிற்கே செல்லும். 20 பங்கு வேண்டுமெனின் 180 லட்சம் ஹெக்டேர். தமிழ்நாடு முழுவதும் போதாது. அன்றியும், நாம் உண்ணும் எண்ணெயிற் பாதிக்கு மேல் இறக்குமதியாகும் இந்நாளில், உணவெண்ணெயை எஞ்சினுக்கு ஊட்டுதல் அடுப்பில் வைத்த உலையைக் கவிழ்த்து அடுப்பையே அணைப்பது போலாகும்.

காட்டை அழித்துப் பயிரிடலாமே எனில், அதன் விளைவையும் ஆராய்ந்துள்ளனர். இந்தோனேசியா, மலேசியா நாடுகளின் சதுப்பு நிலக் காடுகளை அழித்து எண்ணெய்ப்பனை நட்டால், அவ்வழிவால் வெளிப்படும் கரியமிலவாயுவை, ஆங்கு விளையும் பயோடீசல் ஈடுசெய்ய 400 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. செடி வளருங்கால் கரியமிலவாயுவை உட்கொள்ளுகின்றது, எரியுங்கால் அதனையே வெளிவிடுகின்றது, ஆதலின் கணக்கு நேர்படும் என்பர். எருவும் உழவும் மெதனாலும் அழிந்த காடும் அக்கணக்கிற் சேர்ந்தனவா என்பதே கேட்டறியத்தக்கது.

நமக்குரிய வழி

இவற்றால் பயோடீசல் பயனற்றது என்று முடிவு செய்தலும் பிழையே. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரெரிபொருட் கொள்கை, 20 பங்கு என்னும் பழைய குறிக்கோளை விடுத்து, 2030-ஆம் ஆண்டுக்குள் 5 பங்கு என்னும் அடக்கமான அளவை மேற்கொண்டது. அவ்வாண்டிலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார், ஒருமுறைக்கு மேல் பலமுறை காய்ந்து கெட்ட சமையலெண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டத்தைத் தொடங்கினர். இதற்குப் புதிய நிலம் வேண்டுவதில்லை. கெட்ட எண்ணெய் மீண்டும் ஏழையின் உணவிற் சேராது தடைபடுதலும் இதன் பெரும்பயனாகும். விடுதிகளும் உணவுச்சாலைகளும் நிறைந்த ஊர்களில் இவ்வெண்ணெய் நாள்தோறும் கிடைக்கின்றது.

புங்கமரமும் கருதற்குரியது. நம் முன்னோர் புங்கு, புன்னை, இலுப்பை ஆகியவற்றின் எண்ணெயால் விளக்கெரித்தனர். புங்கு இந்நாட்டு மரம். குளிர்ந்த நிழல் தருவது. அவரையினத்ததாதலால் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்ப்பது. அதன் பிண்ணாக்கு நல்லெரு. காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். ஆகவே, வயலை விடுத்து, வரப்பிலும் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் அதனை நட்டு, விழும் வித்தைத் திரட்டி, அருகிலேயே ஆட்டிப் பயன்படுத்துதல் அதற்கேற்ற அளவாகும்.

சுருங்கக் கூறின், எஞ்சின் சிறிய கலவையை ஏற்கும். இரசாயனம் எண்ணெயை இணக்கும். ஆயினும், எவ்வளவு கலக்கலாம் என்பதை இறுதியில் தீர்மானிப்பது நிலமும் உழவரின் உழைப்புமே. இனிமேலும் புதிய விதைகளும் புதிய எரிபொருள்களும் பெரும்புகழோடு வரும். அவற்றைக் காணும்போதெல்லாம் விஞ்ஞானம் பயிலும் மாணவர் கேட்கவேண்டுவன மூன்று: இஃது எஞ்சினுக்குப் பொருந்துமா? ஒரு ஹெக்டேரில், உழவர் நிலத்தில், உண்மையில் எவ்வளவு விளைகின்றது? விளைவித்தவர்க்கு மிஞ்சுவது யாது? முதற் கேள்விக்கு விடையைச் சோதனைச்சாலையிற் காணலாம். மற்ற இரண்டிற்கும் விடை காண வயல்வரப்பு வரை நடத்தல் வேண்டும். அந்நடையும் விஞ்ஞானக் கல்வியின் பகுதியே ஆகும்.